கல்லுக்கு முன் கோடு



புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், அரியாங்குப்பத்தைக் கடந்ததும் சுண்ணாம்பாற்றங்கரையில் அமைந்திருப்பது எங்கள் நோணாங்குப்பம். படகேறிக் கழிமுகம் காண வருவோர் அவ்வூரை நன்கு அறிவர். அங்கே பிறந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்று, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். கட்டடக்கலை நான் கற்ற கலை அன்று. ஆயினும் இன்று கட்டடக்கலைஞரைப் பற்றியே உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அறியாத பொருளைப் பற்றி ஆசிரியர் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. அறியாமையால் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அப்பிழை எனக்கு ஆசானாயிற்று. அந்த ஆசான் கற்பித்ததையே இன்று கூற விழைகின்றேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் நான்கு வகுப்பறைகள் கொண்ட புதுக் கட்டடம் ஒன்று எழுப்ப வேண்டியிருந்தது. நல்லுள்ளம் படைத்த ஒருவர் பணம் கொடுத்தார். அதற்கெனக் கூடிய குழுவில் ஒருவர் எழுந்து, "கட்டடக்கலைஞர் ஒருவரை அழைத்து வரைபடம் எழுதச் சொல்லலாமே" என்றார். உடனே மறுத்தவன் நான்தான். "வகுப்பறை என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும். இதற்கு ஒருவர் வரைந்து தர வேண்டுமா? அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைகளுக்கு இருபது பெஞ்சுகள் வாங்கலாம்" என்று பேசினேன். சிக்கனமாகப் பேசினேன் என்று எல்லாரும் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன்.

கட்டடம் எழுந்தது. விளையாட்டுத் திடல் குறையக் கூடாது என்று மேற்கு மதிலை ஒட்டி, வடக்கு தெற்காக நீளும்படி அதனை அமைத்தோம். சன்னல்கள் எல்லாம் மேற்கே. கிழக்கே கதவுகள் மட்டும். மேலே தட்டையான கான்கிரீட்டுத் தளம். வண்ணம் பூசிய அன்று பார்க்க அழகாகவே இருந்தது.

மாசி முடிந்து பங்குனி பிறந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வெயில் சன்னல் வழியே உள்ளே வந்து பெஞ்சுகளின்மேல் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் பெஞ்சுகளை இழுத்து இழுத்துக் கிழக்குச் சுவரோடு ஒடுங்கினர். கரும்பலகை கண்ணைக் கூசச் செய்தது. சன்னலை மூடினால் காற்றில்லை, திறந்தால் அனல். ஒருநாள், தேர்வு எழுதிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள். தண்ணீர் தெளித்து, மருத்துவரிடம் கொண்டு சென்றோம், தேறினாள். அவளை அழைத்துப்போக வந்த தந்தை அந்த அறையில் சற்று நேரம் நின்றார். "ஐயா, இந்த ரூமுல புள்ளைங்க எப்படி உக்காருதுங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்றுவரை என் செவியை விட்டு அகலவில்லை. நான் மிச்சப்படுத்திய பணம் எவ்வளவு, அதனை யார் செலுத்தினார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மாணவர்களே, கட்டடம் ஒன்று எழுவதற்கு மூவகை அறிவு வேண்டும். கொத்தனாரும் மேஸ்திரியும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் அறிவர். பொறியாளர் பளுவை அறிவார். எத்தனை கம்பி இட்டால் தளம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வார். கட்டடக்கலைஞர் அறிய வேண்டுவது வேறு. இந்த மனையில் வெயில் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் விழும்? காற்று எங்கிருந்து வந்து எங்கே போகும்? மழைநீர் எங்கே நிற்கும்? இதில் வாழப்போகிறவர் எங்கே உட்காருவர், எங்கே படிப்பர், எங்கே உறங்குவர்? இக்கேள்விகளையெல்லாம் முதலில் கேட்டு, விடைகளைக் கோடுகளாகத் தாளில் எழுதுவதே அவர் தொழில். தாளில் இட்ட கோட்டை அழித்தெழுத ஒரு ரப்பர் துண்டு போதும். கட்டிய சுவரைத் திருத்தக் கடப்பாறை வேண்டும். ஆதலால் கல்லுக்கு முன் கோடு வர வேண்டும். கட்டடக்கலைஞர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் உரிமையையே 1972 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முறையாகக் கற்றுப் பதிவு பெற்றவர்க்கு மட்டும் அளித்திருக்கிறது.

அந்தச் சிறுமி மயங்கிய பின்னர், வெப்பத்தை வெல்லக் கட்டிய கட்டடம் எங்கேனும் உண்டா என்று நான் தேடத் தொடங்கினேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம் புதுச்சேரி நகரத்திலேயே, அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கொண்டா' என்னும் விடுதி இருக்கிறது. ஐதராபாத் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து கிடைத்த ஒரு லட்சம் ரூபாயைக் கொண்டு அப்பணி தொடங்கிற்று. வைரத்திற்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரே விடுதிக்கும் அமைந்தது. 1930களில் வரையப் பெற்று 1940களில் நிறைவெய்திய அக்கட்டடம், இந்தியாவில் புதுமுறைக் கான்கிரீட்டுக் கட்டடங்களுள் மிக முந்தியவற்றில் ஒன்று எனக் கட்டடக்கலை வரலாற்றினர் போற்றுகின்றனர்.

அதனை வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். பொகீமியா நாட்டில் 1888 ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்கா சென்று, புகழ்பெற்ற பிராங்க் லாயிட் ரைட்டோடு டோக்கியோ நகருக்குப் போய், அங்கே தமக்கென அலுவலகம் நிறுவியவர். அவர்பால் பணிபுரிந்த இருவர் புதுச்சேரியில் தங்கி வேலையை நடத்தினர். ஒருவர் பிரான்டிஷெக் சம்மர்; பாரிசில் லெ கார்புசியேயிடம் பயின்ற செக் நாட்டினர். மற்றவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்தவர். பின்னாளில் இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய மரபினர் என்னும் ஒரே காரணத்திற்காக அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. ரேமண்ட் முன்வந்து பொறுப்பேற்று 1943 ஆம் ஆண்டு அவரை வெளியே கொணர்ந்தார். அதன் பின்னர் அவர் மரவேலையில் உலகப் புகழ் பெற்றார்.

அனுமதி பெற்று ஒருமுறை அக்கட்டடத்துள் சென்றேன். சித்திரை மாதத்து நண்பகல். தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் தரை குளிர்ந்தது. கடப்பைக் கல் பாவிய தரை அது. கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, தன் அகன்ற முகங்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்திருக்கிறது. இதன் பொருள் என்ன? நம் ஊரில் காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ்வாக வந்து சுவரைச் சுடும். நண்பகல் வெயிலோ தலைக்கு நேராக நிற்கும். அதனைக் கூரையாலும் சிறு நிழல்தட்டாலும் தடுத்துவிடலாம். ஆகவே கிழக்கிலும் மேற்கிலும் குறுகிய சுவரைக் காட்டுவதே அறிவு. நான் கட்டிய பள்ளிக் கட்டடம் இதற்கு நேர் மாறானது என்பதை நீங்கள் நினைவில் கொண்டிருப்பீர்கள்.

கோல்கொண்டாவின் அகன்ற முகங்களில் கண்ணாடிச் சன்னல் இல்லை. மேலிருந்து கீழ்வரை படுக்கை வாட்டத்தில் அடுக்கிய தகடுகளே இருக்கின்றன. கைப்பிடியைத் திருப்பினால் அவை சாயும், நிமிரும். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடலாம், மழையின்போது மூடலாம். கல்நாரும் சிமெண்டும் கலந்து செய்த தகடுகள் அவை. கல்நார் உடலுக்குத் தீங்கு என்று இன்று அறிந்திருக்கிறோம்; ஆதலின் பொருளை நாம் மாற்றலாம், முறையை மாற்ற வேண்டுவதில்லை. வடபுறம் நடைபாதை, தென்புறம் அறைகள். இடையே இழுத்துத் திறக்கும் தேக்குக் கதவுகள். அக்கதவுகளின் சட்டங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி அமைந்திருப்பதால் காற்று உட்புகும். பிறர் பார்வை உட்புகாது. மேலே கான்கிரீட்டுத் தளத்தின்மீது வளைந்த ஓடுகளைப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே காற்று உலவ இடம் விட்டிருக்கிறார்கள். வெயில் ஓட்டைச் சுடும். சூடு தளத்தை எட்டுமுன் காற்று அதனை வாரிக்கொண்டு போய்விடும்.

இவற்றுள் ஒன்றேனும் மாயமா? இல்லை. ஒவ்வொன்றும் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் உள்ளதே. வெப்பக் காற்று மேலெழும் என்று ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தியவன். அந்தப் பாடத்தை என் தலைக்கு மேலிருந்த கூரையோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பொருத்திப் பார்க்கப் பயின்றவரையே கட்டடக்கலைஞர் என்கிறோம்.

அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் மற்றொரு செய்தி என் நெஞ்சைத் தொட்டது. வேலையைத் தொடங்குமுன் முழு அளவில் மாதிரி அறை ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். குற்றங்களை அந்த ஓர் அறையிலேயே கண்டு திருத்திக்கொண்டார்கள். கான்கிரீட்டு வேலைக்குப் புதியவர்களான உள்ளூர்த் தொழிலாளருக்கும் ஆசிரமத்தாருக்கும் வேலை கற்பித்து, அவர்கள் கையாலேயே கட்டடத்தை எழுப்பினார்கள். ஆம்! நல்ல வரைபடம் தொழிலாளியின் கைக்கு விலங்கிடுவதில்லை. அக்கைக்குத் திறம் சேர்க்கிறது.

இவ்வளவு சொன்னதும், இவையெல்லாம் மேல்நாட்டார் கற்றுக்கொடுத்தவை என்று எண்ணிவிடாதீர்கள். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைக் கற்கும்போது உங்கள் தமிழாசிரியர் ஓர் இடத்தில் நின்று விளக்கியிருப்பார். அரண்மனை எழுப்புமுன் சிற்ப நூல் வல்லோர் நண்பகலில் கோல் நட்டு, நிழலால் திசையை நுணுக்கமாக அறிந்து, கயிறு பிடித்து மனையை வகுத்த செய்தி அங்கே வருகிறது. கல்லுக்கு முன் கோடு என்பது நம் முன்னோர் அறிந்த நெறியே.

அந்நெறியின் மிச்சத்தைப் புதுச்சேரித் தமிழர் தெருக்களில் இன்றும் காணலாம். வீட்டின் முன்னே தெருவோரம் மரத்தூண் நிறுத்திச் சாய்த்த ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கர்க்கும் நிழல் தருவது. அதன்பின் திண்ணை, அறியாதவரும் அமர்ந்து இளைப்பாறும் இடம். உள்ளே முற்றம், வெப்பக் காற்று மேலேறிச் செல்லும் வழி. தடித்த சுவர் பகல் வெயிலை எளிதில் உள்ளே விடாது. தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார் மரபில் வந்த வரைபடம் அது; தாளில் இராமல் நினைவில் இருந்தது. இவ்வீடுகளின் அருமையை உணர்ந்து, வைசியர் தெருவின் பழைய முகப்புகளை, மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் புதுச்சேரி அரசின் துணையோடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும் மீட்டனர். அப்பணிக்கு 2008 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

ஆனால் இடையே என்ன நேர்ந்தது? மனை சிறுத்தது. சுண்ணாம்பும் ஓடும் போய்ச் சிமெண்டும் கம்பியும் வந்தன. பழைய மரபு பழைய பொருளோடு நின்றுவிட்டது. புதிய பொருளுக்குரிய புதிய அறிவை நாம் தேடிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதைப் பார்த்து நாமும் கட்டினோம். அவர் மனை தெற்குப் பார்த்தது; நம்முடையது மேற்குப் பார்த்தது. அவர் வரைபடம் நமக்கு எப்படிப் பொருந்தும்? பிறர் மூக்குக்கண்ணாடியை வாங்கி அணிந்துகொண்டு எழுத்துத் தெரியவில்லை என்று வருந்துவாரைப் போல, இன்று புழுக்கத்தில் இருந்து வருந்துகிறோம். குளிர்சாதனப் பெட்டி வாங்கி மின்கட்டணம் செலுத்துகிறோம்.

இங்கே ஒரு தடை எழும். "ஐயா, கட்டடக்கலைஞர் பணக்காரர்க்கு உரியவர். ஏழை எங்கே போவான்?" என்று நீங்கள் கேட்கலாம். என் குழுவில் நான் சொன்னதும் இதுவே. இதற்கு விடையாக இருவர் வாழ்வைச் சொல்கிறேன்.

முதலாமவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917 இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாகக் கொண்டு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007 இல் மறைந்தார். குறைந்த செலவில் நிறைந்த வீடு என்பதையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டார். செங்கல்லைக் கிடையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று அதனைச் சொல்வர். அதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட்டுத் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கலவைக்கு வேலை குறைவு. ஆகவே அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். இவை எவ்வாறு இயன்றன? சிந்தனையால் இயன்றன. பணம் மிகுந்தவன் தவறாகக் கட்டினாலும் இடித்துக் கட்டுவான். ஒருமுறை மட்டுமே கட்டக்கூடிய ஏழைக்குத்தான் முன்யோசனை மிகுதியாக வேண்டும்.

இரண்டாமவர் வாழ்வை அறிய ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். நம்மைப் போலவே வெயில் மிகுந்த கண்டம் அது. அதன் நகரங்களோ உலகிலேயே மிக விரைந்து பெருகுவன. கண்ணாடி மாளிகைகளைக் குளிர்நாடுகளிலிருந்து பார்த்துப் படியெடுத்து வெயிலில் நிறுத்தும் மயக்கம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அம்மயக்கத்தைத் தெளிவிக்கப் பாடுபடும் கட்டடக்கலைஞர்களும் அங்கே தோன்றியிருக்கின்றனர். சிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் 1996 இல் எழுந்த ஈஸ்ட்கேட் என்னும் பெருங்கட்டடத்தை வரைந்த மிக் பியர்ஸ், கரையான் புற்று காற்றை வாங்கிவிடும் முறையிலிருந்து எண்ணம் பெற்றார். இரவுக் குளிர்காற்றால் கான்கிரீட்டைக் குளிர்வித்துப் பகலில் அக்குளிர்ச்சியைப் பயன்கொள்ளுமாறு அதனை அமைத்தார்.

நான் சொல்ல வந்தவர் பெயர் பிரான்சிஸ் கெரே. புர்கினா பாசோ நாட்டில் காண்டோ என்னும் சிற்றூரில் 1965 இல் பிறந்தவர். தம் ஊரில் பள்ளி இல்லாமையால் ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து வேறூர் சென்று படித்தார். காற்றும் வெளிச்சமும் அற்ற, அடுப்பைப் போன்ற வகுப்பறை அது. தச்சு வேலை கற்க உதவித்தொகை பெற்று ஜெர்மனி சென்றவர், பெர்லினில் கட்டடக்கலை பயின்றார். மாணவராக இருக்கும்போதே பணம் திரட்டித் தம் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளியை வரைந்தார். களிமண்ணோடு சிறிதளவு சிமெண்டு சேர்த்த கற்களால் சுவர். காற்று மேலேறத் துளைகள் விட்ட உள்கூரை. அதற்கு மேலே எட்டி உயர்த்திய தகரக் கூரை. களிமண் மழையில் கரையுமே என்று ஊரார் முதலில் தயங்கினர். பிறகு ஊரே கூடிக் கட்டியது. பிள்ளைகள் கல் சுமந்தனர். பெண்கள் நீர் சுமந்தனர். 2001 இல் பள்ளி நிறைவுற்றது. 120 பேராக இருந்த மாணவர் தொகை காலப்போக்கில் 700 ஆயிற்று. 2004 இல் ஆகா கான் விருதும், 2022 இல் கட்டடக்கலையின் தலைசிறந்த விருதாகிய பிரிட்ஸ்கர் பரிசும் அவரை அடைந்தன. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. புழுங்கிய வகுப்பறையில் அமர்ந்த ஒரு சிறுவன் அதனை மறவாமல் இருந்தான், ஊர் பயன்பெற்றது. நானும் வகுப்பறையில் இருந்தவன்தான். எனக்கு அந்த நினைவு வர ஒரு சிறுமி மயங்கி விழ வேண்டியிருந்தது.

கட்டடக்கலைஞரைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினையாதீர்கள். படித்தவர் வரைந்தார் என்பதனால் மட்டும் ஒன்று நன்றாகிவிடாது. எகிப்து நாட்டு ஹசன் பாத்தி பெரும் கட்டடக்கலைஞர். ஏழையர்பால் இரக்கம் மிக்கவர். 1940களில் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் புதிய கூர்னா என்னும் சிற்றூரை மண் கற்களாலும் வளைவுக் கூரைகளாலும் அழகுற எழுப்பினார். பழங்கல்லறைகளின்மேல் வாழ்ந்த மக்களை அங்கே குடியேற்றுவது அரசின் நோக்கம். மக்களிற் பலர் வர மறுத்தனர். அவர்கள் பிழைப்பு அக்கல்லறைகளை ஒட்டியே இருந்தது. ஊர் முற்றுப்பெறாமலே நின்றது. வீடு நல்லதாயினும், குடியிருப்போர் வாழ்க்கை எங்கே வேரூன்றியிருக்கிறது என்பதை அந்தத் திட்டம் போதிய அளவு எண்ணவில்லை. ஆகவே வரைபவர்க்குக் கை மட்டும் போதாது, காதும் வேண்டும். நம் கடற்கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வீடுகள் கட்டியபோதும் எழுந்த கேள்வி இதுவன்றோ? வலை உலர்த்த இடம் எங்கே, படகுக்கும் வீட்டுக்கும் தூரம் எவ்வளவு என்று மீனவரிடம் கேளாமல் வரைந்த வீடு, வீடாகுமா?

இனி, தனி வீட்டை விட்டு ஊரை நோக்குவோம். சங்கராபரணி ஆறு கடலை அணுகும்போது கிளையாகப் பிரிந்து, ஒன்று அரியாங்குப்பத்து ஆறாகவும் மற்றொன்று எங்கள் சுண்ணாம்பாறாகவும் செல்கிறது. ஆற்றுக்கும் கழிக்கும் நடுவே வாழ்பவர்கள் நாங்கள். 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. அன்று காலை, நன்றாகப் பிணைக்காத கூரைகள் பறந்ததைக் கண்டேன். 2024 நவம்பர் 30 இல் பெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. எந்த வீட்டில் தண்ணீர் புகுந்தது, எதில் புகவில்லை என்று பிறகு நடந்து பார்த்தேன். பணக்காரர் வீடு, ஏழை வீடு என்ற வேறுபாடு அதில் இல்லை. வாய்க்காலை மறித்த வீட்டிலும், தெருவைவிடத் தாழ்ந்த வீட்டிலும் தண்ணீர் நின்றது. பழைய வீட்டுக்காரர் ஏன் நான்கு படி வைத்துத் திண்ணையை உயர்த்தினார் என்பது அன்று எல்லார்க்கும் விளங்கிற்று.

புதுச்சேரி நகரத்தின் நேர்த்தெருக்களைக் கண்டு வியக்கிறோம். அவை தாமாக அமைந்தன அல்ல. 1693 முதல் 1699 வரை இந்நகரை ஆண்ட ஒல்லாந்தர் வகுத்த கட்டங்கள் அவற்றின் தொடக்கம். 1761 இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபின், பிரெஞ்சுக்காரர் அந்த ஒழுங்கைப் பின்பற்றியே மீண்டும் எழுப்பினர். கோடு நிலைத்திருந்தமையால் இடிந்த நகரம் தன் வடிவை இழக்கவில்லை. இன்று நகரத்தைச் சுற்றி எங்கள் ஊர் போன்ற சிற்றூர்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. வயலில் கல் நட்டு விற்கிறார்கள். நீர் போகும் வழி எது, பிள்ளைகள் விளையாடும் இடம் எது என்று வகுத்த பின்னரே அக்கற்களை நட வேண்டும். அப்படி வகுக்கும் கடமை யாருடையது? அரசின் கடமை மட்டும் என்று விட்டுவிடலாகாது. நாளை மனை வாங்கப்போகும் நீங்கள் கேள்வி கேட்கப் பழகினால்தான் விற்பவர் விடை சொல்லப் பழகுவார்.

என் பள்ளிக் கட்டடம் என்னாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். என்னிடம் படித்து, கட்டடக்கலை பயின்று வந்த மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். வெட்கத்தை விட்டு அவரை அழைத்து அறைகளைக் காட்டினேன். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை வந்து பார்த்தார். பெஞ்சில் மாணவரோடு ஒரு பாட வேளை அமர்ந்திருந்தார். பின்னர் ஒரு தாளில் நான்கு கோடுகள் இட்டார். மேற்கே சன்னல்களுக்கு முன் மூங்கிலும் கீற்றும் கொண்ட ஒரு சாய்ப்பு. கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி வெப்பக் காற்று வெளியேறத் திறப்புகள். தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. மதிலோரம் ஒரு வரிசைப் புங்க மரம். இவ்வளவுதான். செலவு என் ஒரு மாத ஊதியத்திற்குள் அடங்கிற்று. அடுத்த பங்குனியில் பிள்ளைகள் பெஞ்சுகளை இழுக்கவில்லை. "தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் கட்டடத்தையே திருப்பி வைத்திருப்பேன், ஐயா" என்றார் அவர். கடிந்து சொல்லவில்லை, ஆசிரியனிடம் மாணவன் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். புங்க மரங்கள் இன்று மதிலுக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்து முடிக்கிறேன். நீங்கள் படிக்கும் அறையில், மாதம் ஒருநாள், காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வெயில் எங்கே விழுகிறது என்று தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுங்கள். காற்று எந்தச் சன்னலில் வருகிறது என்று ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். மழை நாளில் உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து செல்லுங்கள். பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகு, உங்கள் வீட்டைக் கட்டியவர் அறியாத பலவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உங்களுள் சிலர்க்கு அந்தக் கோடுகளின்மேல் ஆசை பிறக்கக்கூடும். அவர்கள் ஐந்தாண்டு கட்டடக்கலைப் படிப்பை நாடுக. அது வரையத் தெரிந்தவர்க்கு மட்டும் உரியது என்று அஞ்ச வேண்டா. உற்றுப் பார்க்கத் தெரிந்தவர்க்கு வரையும் திறம் பயிற்சியால் வரும். மற்றவர்கள் ஆசிரியராகலாம், அலுவலராகலாம், பள்ளிக் குழுவில் உறுப்பினராகலாம். அப்போது, "வரைந்து பார்த்துக் கட்டலாமே" என்று ஒருவர் எழுந்து சொல்வார். அவர் சொல்லை நான் மறுத்தது போல மறுத்துவிடாதீர்கள். அவர் பேசுவது, இன்னும் பள்ளியில் சேராத ஏதோ ஒரு குழந்தைக்காக.